ஐந்து ஐம்பத்திரண்டு

அவர்களின் அலுவலகங்களை நான் பார்த்ததில்லை.
வார்சாவின் அந்தக் கண்ணாடிக் கட்டடங்கள்
எனக்குக் கதவு திறக்காது.
ஆனாலும் தெரியும்.
பிள்ளையை அழைக்க வரும் நேரத்தை வைத்தே
மேலாளர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவேன்.

டிமெக்கின் அப்பா நாலு மணிக்கு வருவார்,
மீசையில் மரத்தூளோடு.
அவர் பட்டறையில் மூன்றரைக்கு
மின்சாரத்தையே நிறுத்திவிடுவார்களாம்.
யாகோதாவின் அம்மாவுக்கு வங்கி.
வரும்போதே காதுக்குள் யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள்.
ஒரு கையால் மகளின் ஜிப்பை ஏற்றியபடி
"ஆமாம், அனுப்பிவிட்டேன், ஆமாம்" என்பார்.
தன்னிடம் சொன்னதாக நினைத்து
"எதை?" என்பாள் யாகோதா,
ஒவ்வொரு முறையும்.

கலினாவின் அம்மா டொப்ரோக்னா.
காப்பீட்டு நிறுவனம், பதினோராம் மாடி.
ஐந்தரைக்கு நாங்கள் பூட்ட வேண்டும்.
ஐந்து இருபதுக்குக் குறுஞ்செய்தி வரும்:
"கூட்டம். ஐந்தே நிமிடம்."
ஜவ்வு மிட்டாய் அந்த ஐந்து நிமிடம்.

நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் அடுக்குவேன்.
ஒன்றை மட்டும் விட்டுவைப்பேன்.
கோட்டும் தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு
அதில் வியர்த்தபடி உட்கார்ந்திருப்பாள் கலினா.
கழற்றினால் அம்மா வரமாட்டாள் என்று
அவளுக்கு ஒரு கணக்கு.

எனக்கும் ஒருவன் இருக்கிறான். ஈவோ. ஒன்பது வயது.
கழுத்துக் கயிற்றில் சாவி.
இருட்டியபின் தனியாக இருந்தால்
வீட்டின் எல்லா விளக்கையும் போட்டுவிடுவான்,
கழிப்பறை உட்பட.
பதினோராம் மாடியில் எத்தனை கூட்டம் நடந்ததென்று
என் மின்கட்டண ரசீது சொல்லும்.

"நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார் எங்கள் இயக்குநர்.
குடும்பத்தில் மணிக்கணக்குப் பார்ப்பதுண்டா?
ஆகவே பதிவேட்டில்
எந்தப் பிள்ளை எப்போது போனாலும்
ஐந்தரை என்றே எழுத வேண்டும்.
ஆறு வருடமாக எழுதுகிறேன்.
சோதனைக்கு வந்த அதிகாரி
என் கையெழுத்தைப் பாராட்டியிருக்கிறார்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்.
பனி உருகித் தெருவெல்லாம் சேறு.
ஐந்து நாற்பதுக்கு அழைப்புமணி.
டொப்ரோக்னா இல்லை. ஒரு மனிதர்,
காரில் வந்தவரின் சுத்தமான காலணி.
செப்டம்பரில் மகளைச் சேர்க்க வேண்டுமாம்.
கோட்டு மாட்டும் குட்டிக் கொக்கிகளைப் பார்த்துச் சிரித்தார்.
ஒவ்வொன்றின் மேலும் ஒரு படம்:
பேரிக்காய், குடை, முள்ளெலி.
"எங்கள் பாப்பாவுக்கு முள்ளெலி கிடைக்குமா?"
பிடித்திருந்தது அவரை எனக்கு.
பிறகு கேட்டார்:
"ஐந்தரை என்றால் கறாராக ஐந்தரையா?
எப்போதாவது ஓர் ஐந்து நிமிடம்..."

கலினா நிமிர்ந்தாள்.
"நீங்கதானே வியெச்சோரெக் மாமா?
கிறிஸ்துமஸுக்கு ஆபீஸ்ல கரடி குடுத்தீங்க.
எங்க அம்மா உங்ககூட மீட்டிங்ல இருக்காங்க."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
முள்ளின் முனையில் தேனீ ஒட்டிய கடிகாரம்.
பெரிய தேனீ ஒன்பதுக்கு வந்திருந்தது.
"நான் மட்டும் கொஞ்சம் முன்னாடி கிளம்பினேன்" என்றார்,
என்னிடமா, அவளிடமா, தேனீயிடமா.
போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.
கதவு சாத்தியிருந்தது.
யாரோடு பேசினார், தெரியாது.
பேசாமலும் நின்றிருக்கலாம்.

டொப்ரோக்னா ஓடி வந்தபோது அவர் இல்லை.
"ஐந்தே நிமிஷம்னுதான்..." என்று தொடங்கி
முடிக்கவில்லை அவள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
டிராமில் கலினா சொல்லிக்கொள்ளட்டும்.

பதிவேட்டைத் திறந்தேன்.
பழக்கத்தில் பேனா முப்பதுக்கு வளைந்துவிட்டது.
அடித்துவிட்டு மேலே எழுதினேன்:
ஐந்து ஐம்பத்திரண்டு.
அடித்த இடம் அசிங்கமாகத்தான் இருக்கிறது.
நாளைக்குக் கூப்பிடுவார்கள்.

கடைசி நாற்காலியையும் கவிழ்த்தேன்.

எங்கள் நாலாம் மாடி
தெருமுனையிலிருந்தே தெரிந்தது.
எல்லா விளக்கும்.